அகல் விளக்கும் பாலாற்றங்கரையும்



வாணியம்பாடியில் பாலாற்றின் கரையில் நின்று பார்ப்போர்க்கு ஆண்டின் பெரும்பகுதியும் மணலே காட்சியளிக்கும். கருநாடகத்து நந்தி மலைப்பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு பகுதியைக் கடந்து, தமிழ்நாட்டில் புகும் பாலாறு முதலில் காணும் பெரிய ஊர் எங்கள் வாணியம்பாடி. பின்னர் ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்று வாலாசாப்பேட்டையை அடைகிறது. அந்த வாலாசாவில் ஒரே தெருவில் விளையாடி, ஒரே பள்ளியில் படித்த இரண்டு சிறுவர்களின் கதையே டாக்டர் மு. வரதராசனார் எழுதிய 'அகல் விளக்கு' என்னும் நாவல். 1958-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் 1961-ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமிப் பரிசினைப் பெற்றது. அந்நூலைப் பற்றியும், அது எழுந்த மண்ணின் வரலாற்றைப் பற்றியும், அதைக் கற்பித்தபோது நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஆசிரியரை அறிந்துகொள்வோம். மு.வ. என்று தமிழ் மக்கள் அன்போடு அழைக்கும் வரதராசனார் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் பிறந்தார். வாலாசாவுக்கு அருகிலுள்ள வேலம் என்னும் சிற்றூர் அவர் குடும்பத்தின் ஊர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள திருப்பத்தூரில் முடித்தார். அவ்வூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சில காலம் பணியாற்றினார். உடல்நலம் குன்றவே அவ்வேலையை விட்டார். முருகைய முதலியார் என்பவரிடம் தமிழ் பயின்று, தாமே முயன்று படித்து, 1935-ஆம் ஆண்டில் வித்துவான் தேர்வில் முதன்மையாகத் தேறினார். 1939 வரையில் திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பணிபுரிந்தார். 1971 முதல், 1974-இல் மறையும் வரை, மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். எழுத்தர் நாற்காலியில் தொடங்கித் துணைவேந்தர் இருக்கை வரை சென்ற அப்பெருமகனார், தம் கதைகளில் பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களையே படைத்தார். திருமணங்களில் அவருடைய நூல்களைப் பரிசாக வழங்குவது ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பரவியிருந்த நல்வழக்கம்.

இனிக் கதைக்கு வருவோம். நாவலின் இரு நண்பர்கள் சந்திரனும் வேலய்யனும். சந்திரன் பேரழகன், கூர்த்த அறிவினன், கண்டோர் அனைவரும் விரும்பும் தோற்றத்தினன். கதையைச் சொல்லும் வேலய்யனோ பார்வைக்கு எளியவன், படிப்பிலும் நடுத்தரமானவன். ஊரார் எல்லாரும் சந்திரனையே புகழ்ந்தனர். சென்னைக்குக் கல்லூரிப் படிப்பிற்குச் சென்ற சந்திரன் இமாவதி என்னும் பெண்ணை விரும்பினான். அவள் அவனிடம் தூய நட்போடு மட்டுமே பழகினாள். தன் உள்ளத்தில் தானே வளர்த்த ஆசையை அவளும் கொண்டிருப்பதாக அவன் எண்ணிக்கொண்டான். உண்மை தெரிந்தபோது அவனால் அதைத் தாங்க இயலவில்லை. படிப்பைக் கைவிட்டான், எவர்க்கும் சொல்லாமல் எங்கோ சென்றான், ஒழுக்கம் தவறினான். அவனை மணந்த வள்ளியின் வாழ்வும் அழிந்தது. இறுதியில் தொழுநோயால் உருமாறி நண்பனிடம் வந்து சேர்ந்து மறைந்தான். வேலய்யன் சிறு சிறு கடமைகளைச் செய்து, பெரிய புகழ் எதுவும் இல்லாமல், குடும்பத்திற்கும் நண்பர்க்கும் பயன்பட வாழ்ந்தான். குப்பென்று எரிந்து அணைந்தது ஒரு சுடர்; அடங்கி நின்று நெடுநேரம் ஒளி தந்தது மற்றொன்று. நூலின் பெயர் சுட்டுவது இந்த இரண்டாம் விளக்கையே.

இதனை ஒரு காதல் கதை என்று சிலர் சொல்வர். இழப்பின் கதை என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சந்திரன் இழந்தது இமாவதியை மட்டும் என்று கொள்ளலாகாது. பிறர் மனத்தையும் தன் மனத்தைப் போல எண்ணிப் பார்க்கும் பண்பினை அவன் அதற்கு முன்னரே இழந்துவிட்டான். தனக்குக் கிடைத்த புகழ்ச்சியே அவனுக்குப் பகையாயிற்று. அகத்தின் அழகு என்பது நாள்தோறும் பழகிப் பெறும் ஒழுக்கம். முகத்தோடு பிறப்பதன்று என்பதே அந்நூல் இளைஞர்க்குக் கூறும் பாடம்.

வாணியம்பாடியில் பிறந்தவர்க்கு இந்தப் பாடம் எளிதில் விளங்கும். எங்கள் ஊரின் முதன்மைத் தொழில் தோல் பதனிடுதல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் பழைய முறையை என் இளமையில் முதியவர்கள் விவரிக்கக் கேட்டிருக்கிறேன். தோல் மண்டியில் அனுபவம் மிக்க ஒருவர் மேற்புறத்து மினுக்கத்தைக் கண்டு விலை சொல்லமாட்டார். தோலைப் புரட்டி உட்புறத்தைப் பார்ப்பார், விரல்களால் அழுத்திப் பார்ப்பார், மடித்துப் பார்ப்பார். அதன் பிறகே வாய் திறப்பார். விலங்கின் தோலுக்கே இத்தனை ஆராய்ச்சி வேண்டுமாயின், மனிதரை மதிப்பிடுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

ஆனால் அந்தப் பொறுமை எனக்கே ஒருமுறை இல்லாமற் போயிற்று.

ஆசிரியப் பயிற்சி முடித்து, பாலாற்றங்கரை ஊர்களுள் ஒன்றின் பள்ளியில் நான் பணியாற்றத் தொடங்கிய காலம் அது. 1987-ஆம் ஆண்டு என்று நினைவு. பத்தாம் வகுப்பு மாணவர்க்கு 'அகல் விளக்கு' நாவலைச் சுருக்கிச் சொல்லி, அதன் இறுதிப் பகுதியை உருக்கமாக விளக்கினேன். "பார்த்தீர்களா, தீயொழுக்கம் மனிதனை எங்கே கொண்டுபோய் விட்டது! அழகிய உடம்பு அழுகிய உடம்பாயிற்று!" என்று முடித்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது. என் சொல்லாற்றலால் விளைந்த அமைதி என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

மறுநாள் மூன்றாம் வரிசையில் அமரும் மாணவன் ஒருவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். திண்ணையில் அவன் தாயார் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். மறைப்பதற்கு முன்னரே மடங்கிய விரல்களை நான் கண்டுவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் தொழுநோய் இருந்தது. கொடுத்த மாத்திரைகளையெல்லாம் தவறாமல் உண்டு நோய் நீங்கிவிட்டது. விரல்கள் மட்டும் நிமிரவில்லை. அடுப்பிலிருந்து சூடான சட்டியை வெறுங்கையால் இறக்கியபோது ஏற்பட்ட தழும்பும் இருந்தது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

அவர் என்னிடம் கோபம் கொள்ளவில்லை. "வாத்தியாரய்யா, நீ என்னம்மா தப்புப் பண்ணேன்னு பையன் என்னைக் கேக்கறான். நான் யாருக்குங்க என்ன கெடுதல் பண்ணேன்?" என்று மட்டும் கேட்டார்.

மாணவர்களே, எனக்கு விடை கூற வாய் எழவில்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை. மறுநாள் வகுப்பில் நின்று, நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டேன். அந்த மாணவனின் பெயரையோ அவன் வீட்டுச் செய்தியையோ கூறவில்லை. நோயைப் பற்றி ஒன்றும் அறியாமல் பேசிவிட்டேன் என்று மட்டும் கூறினேன். சில நாட்களில் அவன் பள்ளிக்குத் திரும்பினான். அதன் பிறகே நான் இந்த நோயின் வரலாற்றைப் படிக்கலானேன். அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் எங்கள் பாலாற்றங்கரையிலேயே எழுதப்பட்டது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். ஒருவருடைய ஒழுக்கத்திற்கும் அந்நோய்க்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. மருந்துண்ணாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகுவோரிடையே அது பரவுகிறது. அவர்களிலும் பெரும்பாலோர்க்கு இயற்கையிலேயே எதிர்ப்பாற்றல் உண்டு. கிருமி உடலிற் புகுந்து நோயாக வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆதலால் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதைப் பெரும்பாலும் அறியவே இயலாது. அறியவே இயலாத ஒன்றிற்குப் பாவக் கணக்கு எழுதுவது எவ்வளவு பேதைமை!

1946-ஆம் ஆண்டில் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவர் 1914-ஆம் ஆண்டில் நம் கொல்லி மலையிலேயே பிறந்தவர். செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றபோது, விரல் மடங்கிய ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து இறுகப் பற்றச் சொன்னார். அந்தப் பிடி வலிக்கும்படி வலுவாக இருந்ததைக் கண்டு வியந்தார். கை செத்துவிடவில்லை, சில தசைகள் மட்டுமே செயலிழந்துள்ளன என்று உணர்ந்தார். 1948-ஆம் ஆண்டில் வேலூரில், வலுவுள்ள தசையின் தசைநாணை எடுத்துச் செயலிழந்த விரல்களோடு இணைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார்.

அவரும் அவருடைய உடன்பணியாளர்களும் கண்ட மற்றோர் உண்மை அதனினும் பெரிது. தொழுநோயாளரின் விரல்கள் அழுகி விழுகின்றன என்பது நெடுங்கால நம்பிக்கை. உண்மை அதுவன்று. கிருமி நரம்புகளைத் தாக்குவதால் வலியுணர்வு போய்விடுகிறது. சூடு தெரிவதில்லை; முள் தைத்தது தெரிவதில்லை; புண்ணோடு நடக்கிறார்கள்; புண்பட்ட கையாலேயே வேலை செய்கிறார்கள். உடல் சிதைவது பெரும்பாலும் இதனாலேயே. நான் திண்ணையிற் கண்ட தழும்பின் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. 'அழுகிய உடம்பு' என்று வகுப்பில் நான் முழங்கிய சொல் எத்தனை பொய்யானது என்பதும் விளங்கியது.

1955-ஆம் ஆண்டில் வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான ஷிப்ளின் நிலையம் தோன்றியது. ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கரிகிரி நிலையம் தோன்றியது 1955. 'அகல் விளக்கு' வெளிவந்தது 1958. சந்திரனின் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தொலைவில், அவனைப் போன்றோரின் கைகளை நிமிர்த்தும் பணி நடந்துகொண்டிருந்தது! சல்போன் வகை மருந்துகளும் அப்போது வழக்கிற்கு வந்துவிட்டன. இதனைச் சொல்வது மு.வ.வின் பெருமையைக் குறைப்பதற்காக அன்று. கதை நிகழும் காலம் முற்பட்டது என்று கொள்ளலாம். தம் காலத்துச் சமுதாயம் எண்ணியதை அவர் கதையில் ஆண்டார் எனலாம். ஆயினும் தீயொழுக்கத்தையும் தொழுநோயையும் ஒரு கதை அடுத்தடுத்து வைக்கும்போது, ஒன்றை மற்றொன்றின் பயன் என்று படிப்போர் கொள்வது இயல்பு. அவ்விடத்தில் விளக்கம் கூற வேண்டியது ஆசிரியனின் கடமை. நான் அதில் தவறினேன்.

பிற்கால வரலாற்றையும் சுருங்கச் சொல்வேன். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையை உலக நல வாழ்வு நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. 1983-ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2005-ஆம் ஆண்டின் இறுதியில் நோயாளர் தொகை பதினாயிரவருள் ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை நாடு எய்தியது. ஆயினும் நோய் அறவே ஒழிந்துவிடவில்லை. உடம்பில் உணர்ச்சியற்ற, நிறம் வெளுத்த தேமல் கண்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

மருந்தினும் மெதுவாக நடந்தது சட்டம். நோயாளிகளை ஒதுக்கி வைக்க வகைசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. மணவிலக்குக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்று திருமணச் சட்டங்களில் இருந்த விதி 2019-ஆம் ஆண்டில்தான் நீங்கியது. அதுவரையில் அந்த நோயைக் காட்டி வாழ்க்கைத் துணை கைவிடுவதற்குச் சட்டம் இடம் தந்திருந்தது. எத்தனை குடும்பங்களின் கண்ணீர் அந்த ஒரு விதிக்குள் அடங்கியிருந்ததோ!

மாணவர்களே, 'அகல் விளக்கு' நாவலை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அழகிய முகம் உள்ளத்தின் அழகிற்குச் சான்றாகாது என்று அந்நூல் உங்களுக்குக் கற்பிக்கும். அதைப் படித்து முடித்ததும் கரிகிரியின் வரலாற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிதைந்த கையும் முகமும் உள்ளத்தின் குற்றத்திற்குச் சான்றாகா என்று அது உங்களுக்குக் கற்பிக்கும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அகத்தழகு பற்றிய பாடம் நிறைவுறும். முதற் பாதியைப் புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவரின் நூலிலிருந்து கற்றேன். மறுபாதியை எழுத்தறியாத ஒரு தாயின் திண்ணையில் கற்றேன். பணியிலிருந்து ஓய்வு பெறும் வரையில் அவ்விரண்டையும் பிரிக்காமலே கற்பித்தேன்.