பாக்கு நீரிணையில் பாக்கு எங்கே?



எங்கள் கோட்டையூரில் கடல் கிடையாது. ஊருணி உண்டு, கண்மாய் உண்டு. கடல் பார்க்க வேண்டுமென்றால் தேவகோட்டை வழியாகப் பஸ் பிடித்துத் தொண்டிக்குப் போக வேண்டும். ஆறாம் வகுப்பில் அந்தக் கடலுக்கு என்ன பெயர் என்று வரைபடத்தில் தேடினேன். 'பாக் விரிகுடா' என்றும், அதற்கு வடக்கே கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே 'பாக் நீரிணை' என்றும் போட்டிருந்தது. இலங்கைப் புத்தகங்களில் 'பாக்கு நீரிணை' என்றே எழுதுவார்கள். அந்தக் காலத்தில் வெற்றிலை பாக்கு ஏற்றிய தோணிகள் போன கடலாக்கும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்!

விஷயம் வேறு. பாக் என்பது ஒரு ஆளின் பெயர். ராபர்ட் பாக் என்ற ஆங்கிலேயர். கப்பலோட்டி வந்தவரும் அல்ல, கடலை அளக்க வந்தவரும் அல்ல. முதலில் பாதிரியாராக வந்தார். பிறகு கம்பெனி வேலையில் உயர்ந்து 1763 முதல் 1767 வரை சென்னையின் கவர்னராக இருந்தார். ஊர் திரும்பி நாடாளுமன்ற உறுப்பினராகி 1798-ல் இறந்தார். நாலு வருடப் பதவி. பெயர் மட்டும் இரண்டரை நூற்றாண்டாகக் கடலில் மிதக்கிறது.

அப்படியானால் அதற்கு முன் இந்தக் கடலுக்குப் பெயரே இல்லையா? இருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க நூலாசிரியர் உலகத்து ஊர்களையும் கடல்களையும் பட்டியல் போட்டார். இன்றைய மன்னார் வளைகுடாவை அவர் 'கொல்கிக் வளைகுடா' என்கிறார். கொல்கை என்றால் வேறெதுவும் இல்லை, பாண்டியரின் முத்துத் துறைமுகமான நம் கொற்கைதான். அதற்கு வடக்கே உள்ள வளைகுடாவுக்கு 'அர்கரு' என்ற ஊரின் பெயரைக் கொடுத்திருக்கிறார். அது சோழரின் உறையூர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆக, அந்த வணிகர்கள் எந்த ஊர்ச் சரக்குக்காக வந்தார்களோ அந்த ஊரின் பெயரே கடலுக்கும் ஆனது. வங்காள விரிகுடாவும் தாலமியிடம் 'கங்கை வளைகுடா'தான். சோழ மண்டலம் என்பது போர்த்துக்கீசியர் வாயில் திரிந்து 'கோரமண்டல்' ஆன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் வைத்தவை. கரையில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள்? சங்க இலக்கியத்தில் கிழக்குக் கடல் குணகடல், மேற்குக் கடல் குடகடல். குணக்கு என்றால் கிழக்கு, குடக்கு என்றால் மேற்கு. அவ்வளவுதான்! தன் வீட்டு வாசலில் நின்று பார்த்து வைத்த பெயர்கள். இன்றும் ராமேஸ்வரம் மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாக் விரிகுடா பக்கம் 'வடகடல்', மன்னார் வளைகுடா பக்கம் 'தென்கடல்' என்பார்கள். தனுஷ்கோடியில் அமைதியான வடபக்கத்தைப் பெண்கடல் என்றும், சீறும் தென்பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. எந்தப் பக்கம் அலை எப்படி இருக்கும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கவர்னர் பெயரில் அது உண்டா?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை ஒப்பந்தம் செய்தன. அதில் எல்லை 'பாக் நீரிணை முதல் ஆதாம் பாலம் வரை' என்று குறிக்கப்பட்டது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது அந்தக் கோட்டால்தான். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் இன்னொரு கோடு. ஆதாம் பாலம் என்று அதில் எழுதிய இடம் நம்மவர்களுக்குச் சேது. அதைக் காப்பவர் என்பதாலேயே ராமநாதபுரத்து மன்னர்களுக்குச் சேதுபதி என்று பட்டம். வடகடல், தென்கடல், சேது என்று புழங்குகிற மீனவர் பிடிபடும்போது, அவர் வழக்கை முடிவு செய்வது அவர் வாயில் வராத பெயர்கள் கொண்ட காகிதம். கோட்டை மாற்றும் சக்தி பெயருக்கு இல்லைதான். ஆனால் கோடு போட்டபோது யாருடைய பேச்சு மேஜையில் இருந்தது என்பதைப் பெயர் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இதே சண்டை கொரியாவிலும் நடக்கிறது. 1929-ல் சர்வதேச நீரளவியல் அமைப்பு வெளியிட்ட கடல் பட்டியலில் 'ஜப்பான் கடல்' என்று ஏறிவிட்டது. அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்ததால் எதிர்த்துப் பேச ஆளில்லை. தென்கொரியர்களுக்கு அது 'கிழக்குக் கடல்', அதாவது அவர்களுடைய குணகடல்! 1992 முதல் ஐ.நா.வில் கேட்டு வருகிறார்கள். 2020-ல் அந்த அமைப்பு, புதிய டிஜிட்டல் பட்டியலில் கடல்களைப் பெயருக்குப் பதில் எண்களால் குறிப்பது என்று முடிவு செய்தது.

எண் கொடுத்தால் சண்டை தீரலாம். ஆனால் ஊருணி என்ற சொல்லைப் பாருங்கள். ஊர் உண்ணும் நீர். திருக்குறளிலேயே (215) இருக்கும் சொல். அந்த நீர் எதற்கு, யாருக்கு என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இதை எந்த எண் சொல்லும்?

பாக் என்ற பெயரை மாற்றச் சொல்லி நான் கொடி பிடிக்கவில்லை. அடுத்த முறை வரைபடம் பார்க்கும்போது அதன் பக்கத்தில் வடகடல் என்று பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். உங்கள் ஊர்க் குளத்துக்கும் கண்மாய்க்கும் என்ன பெயர்? ஏன் அந்தப் பெயர்? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.