வாடிக்கையாளரை மறுக்கும் உரிமை

பொருளோ சேவையோ தர மறுக்க வணிகருக்கு உள்ள உரிமையும் அதன் எல்லையும். சாதி காரணமான மறுப்புக்குப் பழைய சான்று: திருவிதாங்கூர் அரசில், பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரையில் (உணவுக்கூடம்) பிராமணர்க்கு இலவச உணவு கிடைத்தது. ஒடுக்கப்பட்டோருக்கோ பொதுவழியில் நடப்பதே போராட்டமாக இருந்தது. அவர்களுக்குக் கோவில் கதவு 1936இல்தான் திறந்தது.

இந்திய அரசியலமைப்பின் 15(2) பிரிவு சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் தடுக்கக் கூடாது என்கிறது. இது அரசை மட்டுமின்றித் தனியாரையும் கட்டுப்படுத்துவது அதன் பெருஞ்சிறப்பு. தீண்டாமையால் பொருள் விற்க மறுத்தால், 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் வெறும் 100 முதல் 500 ரூபாய். இன்றைய நிலையில் இது மிகக் குறைவு.

ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குவளையில் தரும் இரட்டைக் குவளை முறை இச்சட்டத்துக்குப் பின்னும் தமிழகத் தேநீர்க் கடைகளில் நீடித்தது. 2022இல் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் பட்டியல் சாதிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரர் கைதானார். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டிய இம்மறுப்பு மன்னிக்க முடியாத கொடுமை.

எனினும் எல்லா மறுப்பும் குற்றமன்று: கடன் தர மறுப்பதும், மருத்துவர் சீட்டின்றி மருந்து தர மறுப்பதும், குடித்துவிட்டுத் தகராறு செய்பவரை வெளியேற்றுவதும் முறையான மறுப்புகள்.