கோச் மேலா கோபம், கல்லாப்பெட்டி மேலா?

உலகக் கோப்பைக் கால்பந்தின் "காமெடிக் காட்சிகள்" என்று தொகுத்துப் போடும் வீடியோக்களில் இது கட்டாயம் இருக்கும். 1974 ஜூன் 22, மேற்கு ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரம். பிரேசிலுக்கு ஒரு ஃப்ரீ கிக். எதிரே ஜைர் அணியினர் சுவர் போல வரிசையாக நிற்கிறார்கள். நடுவர் விசில் ஊதினாரோ இல்லையோ, அந்தச் சுவரிலிருந்து ஒருவர் பிய்த்துக்கொண்டு ஓடி வந்து, பிரேசில்காரர்கள் உதைக்க வேண்டிய பந்தைத் தானே ஓங்கி ஒரு உதை விட்டு அனுப்பிவிடுகிறார். மஞ்சள் அட்டை. "பாவம், ரூல்ஸே தெரியாமல் உலகக் கோப்பைக்கு வந்துட்டாங்க" என்று உலகமே சிரித்தது. இன்றைக்கும் அந்த வீடியோவுக்குக் கீழே சிரிக்கிறார்கள்.

உதைத்தவர் பெயர் முவெப்பு இலுங்கா. ரூல்ஸ் தனக்கு நன்றாகவே தெரியும், வேண்டுமென்றேதான் செய்தேன் என்று அவர் பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். ஏன் அப்படிச் செய்தார் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரைக்கே வந்து சேர்ந்தேன். வெளிநாட்டுக் கோச், அவரோடு முறைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்கள் என்று நாம் பேப்பரில் படிக்கும் கதைகள் பலவற்றின் அடியில் வேறு ஒரு கதை ஓடுகிறது. அது கணக்குப் புத்தகக் கதை.

இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு அன்று ஜைர் என்று பெயர். சர்வாதிகாரி மொபுட்டு 1971ல் வைத்த பெயர். அவருக்குக் கால்பந்து மேல் தனிப் பாசம். நாட்டுக்கு விளம்பரம் கிடைக்கிறதே! சகாராவுக்குத் தெற்கேயிருந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் அணி ஜைர்தான். சும்மா அதிர்ஷ்டத்தில் வந்தவர்கள் இல்லை. 1974 மார்ச்சில் எகிப்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றுவிட்டு வந்தவர்கள். அதில் ந்தாயே முலாம்பா என்பவர் மட்டும் 9 கோல் போட்டார். ஒரே ஆப்பிரிக்கக் கோப்பையில் அத்தனை கோலை வேறு யாரும் போட்டதில்லை. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதற்கு ஒவ்வொருவருக்கும் வீடும் காரும் என்று மொபுட்டு அள்ளி வீசினார்.

கோச் பிளாகோயே விதினிச், யூகோஸ்லாவியர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற யூகோஸ்லாவிய அணியின் கோல்கீப்பர். 1970 உலகக் கோப்பைக்கு மொராக்கோ அணியைக் கூட்டிப்போன அனுபவமும் உண்டு. ஆளில் குறை சொல்ல முடியாது.

முதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்திடம் 0-2. கௌரவமான தோல்விதான். அதற்குப் பிறகுதான் வெடித்தது. வரவேண்டிய பணம் வராது என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரியவந்தது. அணியோடு ஜெர்மனிக்கு வந்திருந்த அதிகாரிகள் கூட்டம் பணத்தைச் சுருட்டிக்கொண்டது என்பது முவெப்பு சொன்ன கதை. அடுத்த ஆட்டத்தில் இறங்கமாட்டோம் என்று அணி அடம்பிடித்தது. எப்படியோ பேசி இறக்கிவிட்டார்கள்.

அந்த அடுத்த ஆட்டம் யாரோடு தெரியுமா? யூகோஸ்லாவியாவோடு. கோச்சின் சொந்த நாடு!

முடிவு 0-9. இடைவேளைக்குள்ளேயே ஆறு. மூன்று கோல் விழுந்ததும், ஏறக்குறைய 20 நிமிடத்தில், முதன்மைக் கோல்கீப்பர் கஸாதியை வெளியே எடுத்துவிட்டுக் குள்ளமான துபிலாண்டுவை இறக்கினார்கள். அவர் வந்து நின்றதுமே நாலாவது கோல். அதே சமயத்தில் முவெப்பு கோபத்தில் நடுவரை உதைக்க, கொலம்பிய நடுவர் ஆள் மாறிப்போய் முலாம்பாவுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். ஆப்பிரிக்காவின் தலைசிறந்த கோல் அடிப்பவர், செய்யாத குற்றத்துக்கு வெளியே.

இப்போது கோச்சின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சொந்த நாட்டு அணியிடம் 0-9, அதுவும் நல்ல கோல்கீப்பரைப் பாதியில் எடுத்துவிட்டு! "விலை போய்விட்டான்" என்ற பேச்சு எழாமல் இருக்குமா? எழுந்தது. கோல்கீப்பரை மாற்றச் சொன்னது விளையாட்டு அமைச்சகத்து ஆள் என்று பின்னால் செய்திகள் வந்தன. ஆனால் பழி விழுந்தது கோச் தலையில். எனக்கு இதுதான் இந்த வரலாற்றின் மையமாகப் படுகிறது. வெளிநாட்டுக் கோச் அந்த நாட்டில் சொந்தபந்தமோ கட்சியோ இல்லாத ஆள். கையில் ஒரு ஒப்பந்தக் காகிதம் மட்டும் உண்டு. சங்கமோ அமைச்சரோ செய்யும் தப்பை இறக்கி வைக்க அதைவிட வசதியான தோள் கிடைக்காது.

கடைசி ஆட்டம் பிரேசிலோடு. நாலு கோல் வித்தியாசத்தில் தோற்றால் ஊருக்கே திரும்ப முடியாது என்று மொபுட்டுவின் ஆட்கள் மிரட்டியதாக முவெப்பு சொன்னார். முடிவு 0-3. அந்த 90 நிமிடத்தின் கடைசிப் பகுதியில்தான் அந்த "காமெடி" உதை. நேரத்தைக் கடத்தவா, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி எதிர்ப்பைக் காட்டவா என்பதில் அவரே வெவ்வேறு சமயத்தில் வெவ்வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். எப்படியிருந்தாலும் அறியாமை இல்லை. முலாம்பாவின் கதை இன்னும் மோசம். 1994ல் துனிசியாவில் அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. கை நிறையப் பணத்தோடு வந்திருப்பான் என்று நினைத்து, ஊர் திரும்பியவரைச் சீருடைக்காரர்கள் சுட்டார்கள். உயிர் தப்பித் தென்னாப்பிரிக்கா போய் வறுமையில் வாழ்ந்து 2019ல் இறந்தார்.

சரி, இது சர்வாதிகாரி காலத்துக் கதை என்று தள்ளிவிடலாமா? முடியாது. 2006க்கு வாருங்கள். டோகோ என்ற குட்டி நாடு முதல்முறையாகத் தகுதி பெற்றது. தகுதி பெறவைத்த கோச் ஸ்டீபன் கேஷி, நைஜீரியர். (வெளிநாட்டுக் கோச் என்றால் வெள்ளைக்காரர் என்றே நினைத்துக்கொள்கிறோம், அவரும் வெளிநாட்டவர்தானே!) நட்சத்திர ஆட்டக்காரர் அடெபயோருக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. அந்த ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, கேஷி வீட்டுக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜெர்மானியர் ஓட்டோ ஃபிஸ்டர்.

உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில் பழைய கதை திரும்பியது. போனஸ் எவ்வளவு, எப்போது என்று சங்கத்தோடு தகராறு. இதில் வேடிக்கை, முதலில் வெளிநடப்பு செய்தது கோச்! பண விவகாரம் தீராத கடுப்பில் ஃபிஸ்டர் மூட்டையைக் கட்டினார். தென் கொரியாவோடு முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் திரும்பி வந்தார். அதில் 1-2 தோல்வி. அடுத்து சுவிட்சர்லாந்து ஆட்டத்துக்குப் போகவே மாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஃபிஃபா தலையிட்டுப் பணத்துக்கு உறுதி கொடுத்த பிறகுதான் கிளம்பினார்கள். இங்கே கோச்சும் ஆட்டக்காரர்களும் ஒரே பக்கம், சங்கம் எதிர்ப்பக்கம். அப்படியும் பல செய்திகளில் "கட்டுப்பாடு இல்லாத அணி" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

நான் வணிகவியல் மாணவன் என்பதால் எனக்கு இது நேரடியாக உறைக்கிறது. உலகக் கோப்பைப் பணத்தை ஃபிஃபா ஆட்டக்காரர்களுக்குத் தருவதில்லை, நாட்டின் சங்கத்துக்குத் தருகிறது. 2014ல் முதல் சுற்றோடு வெளியேறிய அணிக்கே 80 லட்சம் டாலர். அதில் ஆட்டக்காரர் பங்கு என்ன என்பது சங்கத்தோடு பேசி முடிக்க வேண்டிய விஷயம். எழுத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் பதிவியலில் "கொடுபட வேண்டிய சம்பளம்" என்று ஒரு வரி வருமே, அது அப்படியே பொறுப்புகள் பக்கம் உட்கார்ந்திருக்கும். கிளப்பில் கோடிகளில் சம்பாதிப்பவர்கள் இதற்குப் போய் அழலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லோரும் கோடி சம்பாதிப்பவர்கள் இல்லை. தவிர, சங்கத்தின் வார்த்தையை நம்பலாமா என்ற கேள்விக்கும் சம்பளத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை.

அதே 2014ல் கேமரூன் ஆட்டக்காரர்கள் போனஸ் தகராறில் பிரேசிலுக்கு விமானம் ஏற மறுத்து ஒரு நாள் தாமதமாகப் போனார்கள். கோச் ஜெர்மானியர் வோல்கர் ஃபிங்க். மூன்று ஆட்டமும் தோல்வி. குரோஷியாவிடம் 0-4 வாங்கிய ஆட்டத்தில் தங்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டார்கள். உடனே "வெளிநாட்டுக் கோச்சுக்கு அணி அடங்கவில்லை" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே போட்டியில் கானாவைப் பாருங்கள். கோச் க்வெசி அப்பியா, உள்ளூர்க்காரர். அங்கேயும் போனஸ் தகராறு. கடைசியில் அரசாங்கம் 30 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கமாக விமானத்தில் ஏற்றி பிரேசிலுக்கு அனுப்பியது. கோச்சின் பாஸ்போர்ட் எந்த நிறம் என்பது காரணமாக இருந்தால் கானாவில் இது நடந்திருக்கக் கூடாது.

சண்டை வந்தால் தோல்விதான் என்றும் சொல்லிவிட முடியாது. 1990ல் கேமரூனின் கோச் சோவியத் யூனியனிலிருந்து வந்த நெப்போம்னியாச்சி. ஆட்டக்காரர்களோடு பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அணித் தயாரிப்பைப் பேட்டியில் குறை சொன்னதற்காகக் கோல்கீப்பர் பெல், முதல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு நீக்கப்பட்டார். 38 வயது ரோஜர் மில்லாவைக் கூட்டி வரவைத்தது கோச் அல்ல, நாட்டின் அதிபர் பால் பியா. இத்தனை குழப்பத்திலும் மரடோனாவின் அர்ஜென்டினாவை வீழ்த்திக் காலிறுதி வரை போனார்கள்.

எல்லாமே பணத்தால்தான் என்று சாதித்தால் அது பொய். கோச்சின் குணமே பிரச்சினையாக இருந்த கதையும் உண்டு. போஸ்னியாக்காரர் வாஹித் ஹலில்ஹோஜிச் நான்கு நாடுகளைத் தகுதி பெறவைத்தார். மூன்றில், போட்டிக்கு முன்பே வேலை போனது. அல்ஜீரியாவோடு மட்டும் 2014ல் உலகக் கோப்பையில் உட்கார்ந்தார், இரண்டாம் சுற்றில் ஜெர்மனியைக் கூடுதல் நேரம் வரை இழுத்தார். ஐவரி கோஸ்ட் 2010ல் ஆப்பிரிக்கக் கோப்பைத் தோல்விக்குப் பிறகு அவரை அனுப்பியது. மொராக்கோவில் ஹக்கிம் ஜியெச்சை ஒழுங்கு சரியில்லை என்று ஒதுக்கினார். ஜியெச் 2022 பிப்ரவரியில் இனி நாட்டுக்கே ஆடமாட்டேன் என்றார். ஆகஸ்டில் கோச் போனார், ரெக்ராகி வந்தார், ஜியெச் திரும்பினார், மொராக்கோ அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி ஆனது. இங்கே ஆட்டக்காரர் பக்கம்தான் நியாயம் என்று முடிவைப் பார்த்துச் சொல்வது சுலபம். ஆனால் அந்த அணியைத் தகுதிக்குக் கொண்டு வந்தவர் அவர்தானே?

இடையில் நடந்த ஜப்பான் கதைதான் எனக்குப் பிடித்தது. 2018 ஏப்ரலில், உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம் இருக்கையில், ஆட்டக்காரர்களோடு பேச்சும் நம்பிக்கையும் குறைந்துவிட்டது என்று சொல்லிச் சங்கம் அவரை நீக்கியது. மனிதர் கொதித்துப்போய் டோக்கியோ நீதிமன்றத்தில் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். கேட்டது ஒரு மன்னிப்பும் நஷ்டஈடும். நஷ்டஈட்டுத் தொகை 1 யென்.