வான் பாயுதோ?

2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என் பெற்றோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தனர். வவுனியாவில் ஆசிரியனாக இருந்த நான் விடுமுறை நாள்களில் அவர்களைப் பார்க்கப் போவேன். முட்கம்பிக்கு அந்தப் பக்கம் அவர்கள். இந்தப் பக்கம் நான். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்த எவரையேனும் கண்டால் என் தந்தையார் வீட்டைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ முதலிற் கேட்பதில்லை. "தம்பி, இரணைமடு எப்பிடி? கட்டு நிக்குதோ?" என்பார். மாரி தொடங்கியதும் கேள்வி "வான் பாயுதோ?" என்று மாறிற்று. குளம் நிரம்பி மிகைநீர் வழிந்தோடும் இடத்தை எங்கள் பக்கத்தில் வான் என்போம்.

எனக்கு அப்போது சினமே வந்தது. வீடு போய்விட்டது, காணி மிதிவெடிக்குள் கிடக்கிறது, இந்த மனிதர் குளத்தைக் கேட்கிறாரே என்று நினைத்தேன். அந்தக் கேள்வியின் நியாயம், வன்னியின் வரலாற்றை ஆறுதலாகப் படித்த பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. பல ஆண்டுகள் கழித்து என் மனைவி மக்களை அங்கே அழைத்துச் செல்ல வேண்டிய வேளை வந்தபோது, அந்தக் கேள்வியே எனக்கும் வழிகாட்டியது.

வன்னியைப் பற்றி எழுதுவோர் 'ஒதுக்குப்புறம்', 'காடு' என்ற சொற்களோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். ஆதியிலிருந்தே ஆளில்லாமற் கிடந்த நிலம் என்ற எண்ணம் இச்சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் வன்னிக் காட்டுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே சிறிதும் பெரிதுமாக எத்தனை குளங்கள் உள்ளன என்பது. குளம் தானாக உண்டாவதில்லை. ஒரு கட்டுக்கு மண் சுமக்க ஓர் ஊர் வேண்டும். அந்தக் கட்டை ஆண்டுதோறும் பேண ஓர் ஒழுங்கு வேண்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஹென்றி பாக்கர் இலங்கையின் பண்டைய குளங்களை ஆராய்ந்து 1909 இல் வெளியிட்ட நூலில், வவுனிக்குளத்தை நாட்டின் மிகப் பழைய குளங்களுள் ஒன்றாகக் கணித்தார். ஆக, காடு பின்னர் வந்தது. குளமும் ஊரும் முன்னர் இருந்தன.

வையாபாடல் போன்ற பழைய நூல்கள் வன்னியர் குடியேறிய கதையைச் சொல்கின்றன. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகளை வன்னியத் தலைவர்கள் ஆண்டனர். போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் அவர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்ததுண்டு, கொடுக்க மறுத்ததுமுண்டு. 1803 ஆம் ஆண்டிலே முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி கற்சிலைமடுவிலே தோற்கடிக்கப்பட்டதை அங்கு நாட்டப்பட்ட ஆங்கிலேயரின் கல் பதிவு செய்தது.

அதற்குப் பின்னர் வந்த காலத்தை வன்னியின் மௌனக் காலம் எனலாம். தலைவர்களோடு அவர்கள் நடத்திய ஒழுங்கும் போயிற்று. கட்டுகள் உடைந்தன, உடைந்த குளங்களின் குட்டைகளில் நுளம்பு பெருகிற்று, காய்ச்சல் வந்தது, ஊர்கள் சுருங்கின. 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய சிவில் அதிகாரி வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் ஒன்றை வெளியிட்டார். அதைப் புரட்டுகிறவர், கைவிடப்பட்ட ஊர்களுக்கும் பாழடைந்த குளங்களுக்கும் நடுவேதான் நடந்து போக வேண்டியிருக்கும். வன்னியை ஒதுக்குப்புறமாக்கியது அதன் தூரமன்று. குளத்தைப் பேணும் கை இல்லாமற் போனதே.

ஆகவே வன்னிக்கு மனிதர் திரும்பியதும் குளத்தின் வழியாகவேயாயிற்று. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் திட்டத்தை 1885 இல் தீட்டியவரும் பாக்கரே. 1902 இல் தொடங்கிய வேலை 1920 இல் முடிந்தது. குடாநாட்டில் காணி நெருக்கடி கூடிவர, 1936 இல் கிளிநொச்சி குடியேற்றத் திட்டமாக உருப்பெற்றது. முன்னதாக 1935 இல் நிறைவேறிய காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி குடியேறியவர்களுக்கு உத்தரவுப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்படத் தொடங்கியதும் மலேரியாவின் பிடி தளர்ந்தது. ஐம்பதுகளிலும் எழுபதுகளிலும் இரணைமடுவின் கொள்ளளவு படிப்படியாகப் பெருப்பிக்கப்பட்டது.

என் பாட்டனார் வடமராட்சியிலிருந்து 1954 இல் வந்தவர். மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் அவருக்குக் கிடைத்தன. அவர் மகிழ்ச்சியோடு வந்தார். ஆச்சியோ அழுதழுது வந்தாராம். "காய்ச்சற் காட்டுக்கு என்ன கொண்டு போறியள்" என்பது அவருடைய முறைப்பாடு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தும், "ஊருக்குப் போட்டு வாறன்" என்று ஆச்சி சொன்னால் அது வடமராட்சியையே குறிக்கும். கிளிநொச்சி அவருக்கு 'இஞ்ச'. ஊர் என்பது 'அங்க'.

அவருக்குப் பின்னர் வேறு மனிதர்களும் வந்தார்கள். 1958 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னரும், அதைவிடக் கூடுதலாக 1977 இன் பின்னரும், மலையகத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வன்னிக்கு வந்து சேர்ந்தன. எங்களுக்கு இருந்த உத்தரவுப் பத்திரம் அவர்களிற் பலருக்கு இருக்கவில்லை. காட்டை வெட்டியதும் எங்கள் வயலில் நாற்று நட்டதும் அவர்களே. 'திரும்புதல்' என்று இன்று நாம் பேசும்போது, பத்திரம் உள்ளவன் திரும்புவதும் பத்திரம் இல்லாதவன் திரும்புவதும் ஒன்றல்ல என்பதை மறந்துவிடலாகாது. குளத்து நீருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அலுவலகக் கோப்புக்குத் தெரியும்.

பின்னர் போர்க் காலம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் பெயர்ந்தபோது, குடாநாட்டு மக்களிற் பெருந்தொகையானோர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். எங்கள் வீட்டு விறாந்தையிலே மூன்று குடும்பங்கள் இருந்தன. மறு ஆண்டு எங்கள் முறை வந்தது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாக, நாங்கள் மல்லாவிப் பக்கம் போனோம். அங்கே கிடுகுக் கொட்டில் ஒன்றில் இருந்துகொண்டு ஆச்சி ஒருநாள், "தம்பி, ஊருக்கு எப்ப போறது?" என்று கேட்டார். வடமராட்சியைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, பாதை இல்லையே என்றேன். "அதில்லையடா, எங்கட ஊருக்கு. வயலுக்கு" என்றார். ஊர் என்ற சொல் நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின் இடம் மாறியதை அன்று கேட்டேன். ஆச்சி திரும்பவில்லை, மறு ஆண்டு அங்கேயே காலமானார்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது பெற்றோர் திரும்பினர். அப்போது நான் படிப்பும் பின்னர் நியமனமுமாக வெளியே இருந்தேன். 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே எங்கள் ஊர் கிழக்கு நோக்கிப் பெயர்ந்துவிட்டது. மே மாதத்தில் போர் முடிந்தபோது மூன்று இலட்சத்தை அண்மித்த மக்கள் முகாம்களில் இருந்தனர்.

2010 இல் பெற்றோர் மீள்குடியேறச் சென்றபோது நானும் கூடப் போனேன். வீட்டுக்குக் கூரையில்லை, தென்னைகளுக்குத் தலையில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் வழி நெடுகிலும் நின்றன. எல்லைக் கற்கள் காணாமற் போயிருந்தன. எங்கள் காணி எங்கே தொடங்குகிறது என்று எவருக்கும் தெரியவில்லை. தந்தையார் வாய்க்காற் கரையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். துருசிலிருந்து பிரிந்து வரும் கிளை வாய்க்காலில் எத்தனையாவது மடை எங்களுடையது என்பது அவருக்குத் தெரியும். மடையைக் கண்டார், அங்கிருந்து அடியெண்ணிப் போய்ப் பழைய பாலை மரத்தின் அடிக்கட்டையைக் கண்டார். வரைபடமோ கச்சேரியோ காட்டாத எல்லையை வாய்க்கால் காட்டிற்று. கட்டு நிற்கிறதா என்று முகாமில் அவர் கேட்டதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. குளம் நின்றால் வாய்க்கால் இருக்கும்; வாய்க்கால் இருந்தால் வயல் இருக்கும்; வயல் இருந்தால் அயலவன் திரும்புவான்; அயலவன் திரும்பினால்தான் அது ஊர். வீட்டை எப்போதும் கட்டிக்கொள்ளலாம்.

அதன் பின்னர் பல திரும்பின. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு வந்தது. அறிவியல் நகரிலே யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்கத் தொடங்கின. ஆச்சி அஞ்சிய காய்ச்சலும் தொலைந்தது. இலங்கையை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது. புனரமைக்கப்பட்ட இரணைமடு 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வான்கதவுகள் திறக்கப்படும் அளவுக்கு நிரம்பி, கீழுள்ள கிராமங்களைத் தண்ணீரில் நிறுத்தியது. குளம் கொடுப்பது மட்டுமன்று, கேட்பதுமுண்டு.

நான் மட்டும் திரும்பவில்லை. 75 கிலோமீற்றர் அளவான தூரந்தான். இருந்தும் பதினொரு ஆண்டுகள் விருந்தாளியாகவே போய் வந்தேன். 2021 இல் தந்தையார் காலமானார். மறு ஆண்டு மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். மனைவி நியாயமான கேள்விகளைக் கேட்டார்: பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆளிருக்குமா, இரவில் நோய் வந்தால் வாகனம் கிடைக்குமா, அம்மாவைத் தனியே விட முடியாதென்றால் அவரை இங்கே அழைத்து வரலாமே என்று. பன்னிரண்டு வயது மகளோ ஒரே கேள்வியிற் கேட்டாள்: "அப்பா, அது உங்கட ஊர். எனக்கு அது ஏன்?"

வரலாறு படிப்பித்து அவளுக்குப் பதில் சொல்ல முயன்றேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். உத்தரவுப் பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து ஆண் பிள்ளைகளை முன்னிறுத்திய பழைய சட்டத்தைப் பற்றியும், 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியதைப் பற்றியும் சொன்னேன். "அப்ப எனக்கும் அதில பங்கிருக்கோ?" என்றாள். உரிமை இருக்கிறது என்றேன். "உரிமை இருந்தாப்போல ஊராகுமோ?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதிலிருக்கவில்லை. இன்றும் இல்லை.

2023 ஜனவரியில் ஒரு லொறியிலே சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். வீட்டு வாசலில் நின்ற என் தாயார், மகளைத் தடவிவிட்டு என்னிடம் முதலிற் சொன்னது: "இந்தமுறை குளத்தில தண்ணி நல்லாக் கிடக்கு."

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மகன் அயற் பிள்ளைகளோடு வாய்க்காலிற் குதிக்கிறான். மகள் பாடசாலைக்குப் போகிறாள், கெட்டிக்காரியாகப் படிக்கிறாள், ஆனால் விடுமுறை வந்தால், "ஊருக்குப் போவமோ?" என்று கேட்கிறாள். அவள் சொல்வது வவுனியாவை. முதலில் அது எனக்கு வலித்தது. பின்னர் ஆச்சியை நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு சொல் இடம் மாற ஆச்சிக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. அதுவும் இழந்த பின்னர்தான் மாறிற்று. இழக்காமலே மாறும் பேறு என் மகளுக்குக் கிடைக்க வேண்டுமென்பதே என் வேண்டுதல். மாறாவிட்டாலும் குறையில்லை.

நேயர்களே, மீள்குடியேற்றம் என்பதை நாம் ஒரு திகதியாகப் பேசுகிறோம். லொறி வந்து நின்ற நாளாகக் கணக்கிடுகிறோம். வன்னியின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. கைவிடப்பட்ட குளத்துக்கு மீண்டும் கட்டுப் போட ஒரு நூற்றாண்டு சென்றது. மனிதர் திரும்புவதற்கும் தலைமுறைகள் செல்லும். அதுவரை நம்மிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: மாரிக்கு முன்னே வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும். சென்ற புரட்டாதியில் எங்கள் கிளை வாய்க்கால் துப்புரவுக்கு நானும் மண்வெட்டியோடு போனேன். தந்தையாரின் மடையடியில் நின்று வெட்டினேன். பழக்கமில்லாத கை கொப்பளித்துவிட்டது.