நிறம் சொல்லாத நாடகம்

1962ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆம் திகதி நியூயோர்க் நகரின் புறோட்வே அரங்கொன்றில் புதியதோர் இசை நாடகம் அரங்கேறியது. 'நோ ஸ்றிங்ஸ்' என்பது அதன் பெயர். அப்பெயர் இருபொருள் படுவது. பின்னர் கட்டிப்போடாத காதல் என்பது ஒரு பொருள். நரம்புக் கருவிகள் இல்லை என்பது மற்றொன்று. பெயருக்கேற்ப வாத்தியக் குழுவில் வயலின்களுக்கு இடமில்லை. மேடையின் முன்னே பள்ளத்தில் மறைந்திருந்து வாசிப்போர் அன்று மேடைப்பக்கம் வந்துவிட்டனர். அவருள் சிலர் குழலும் எக்காளமும் ஏந்தியவராய் நடிகர்களிடையே நடமாடினர். இப்புதுமைகளைக் கண்டு மக்கள் வியந்தனர். ஆயினும் அந்நாடகத்தில் சொல்லப்படாது விடப்பட்ட ஒன்றே இன்று நமது கருத்தை ஈர்க்கின்றது.

கதை பாரிசு நகரிலே நிகழ்கின்றது. ஊக்கமிழந்து ஊர்சுற்றும் அமெரிக்க எழுத்தாளன் ஒருவனும், ஆடையலங்காரக் காட்சிகளிற் புகழ்பெற்ற அமெரிக்க மங்கை ஒருத்தியும் காதல் கொள்கின்றனர். எழுத்தாளனாகத் தோன்றியவர் றிச்சர்ட் கைலி என்னும் வெள்ளையர். மங்கையாகத் தோன்றியவர் டயான் கரோல் என்னும் கறுப்பினப் பெண்மணி. அப்போது அவருக்கு வயது 26. அவன் எழுத்துப்பணியைத் தொடர்வதற்காக அமெரிக்காவிலுள்ள தன் ஊருக்கு மீள எண்ணுகின்றான். அவளை உடன் அழைத்துச் செல்ல இயலவில்லை. இருவரும் பிரிகின்றனர். ஏன் இயலவில்லை? உரையாடல் அதனை வெளிப்படையாகக் கூறுவதில்லை. பார்ப்போர் கண்ணாற் கண்டு தாமே அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

நாடகத்தை ஆக்கியவர் றிச்சர்ட் றொஜர்ஸ். பல்லாண்டு காலம் அவருடைய மெட்டுகளுக்குப் பாடல் புனைந்த ஒஸ்கார் ஹமர்ஸ்டைன் 1960இல் மறைந்தபின், பாட்டையும் மெட்டையும் தாமே இயற்றிய முதல் இசை நாடகம் இது. கரோலின் பாட்டைத் தொலைக்காட்சியிற் கேட்ட பின்னரே இவ்வாறான கதை அவர் உள்ளத்தில் உருவாயிற்று. நடிகையை மேடையில் நிறுத்துவதே போதிய விளக்கம் என்பது அவர் கொள்கை. அதில் உண்மை இல்லாமலில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அவ்விருவரும் மணம்புரிந்தால் சட்டப்படி குற்றமாகக் கொள்ளப்பட்ட காலம் அது. மௌனமும் அன்று ஒரு துணிவே.

டயான் கரோல் 1935ஆம் ஆண்டு யூலை 17இல் நியூயோர்க்கிற் பிறந்து, ஹார்லம் பகுதியில் வளர்ந்தவர். தந்தையார் சுரங்கப் புகைவண்டியிற் பணியாற்றினார்; தாயார் மருத்துவத் தாதி. இசையும் ஓவியமும் கற்பிக்கும் உயர்நிலைப் பாடசாலையிற் பயின்ற கரோல், பல்கலைக்கழகத்திற் சமூகவியல் கற்கத் தொடங்கினார். 18 வயதில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் வென்றார். படிப்பு அத்துடன் பின்தங்கிற்று. 1954ஆம் ஆண்டு முடிவதற்கு ஒரு நாள் முன்னதாக 'ஹவுஸ் ஒவ் பிளவர்ஸ்' என்னும் இசை நாடகத்தில் முதன்முதலாகப் புறோட்வே மேடை ஏறினார். மேற்கிந்தியத் தீவுக் கதை. இசை ஹரல்ட் ஆர்லனுடையது. நாடகம் 165 காட்சிகளோடு நின்றுவிட்டது. அவருடைய பெயர் நிலைத்தது.

எனினும் திரையுலகம் அவரை நடத்திய விதம் விசித்திரமானது. 1959இல் வெளிவந்த 'போர்கி அன்ட் பெஸ்' என்னும் திரைப்படத்தில் அவர் நடித்தார், பாடியவரோ வேறொருவர். இரவற் குரலுக்குப் பழகிய நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆயின் குரலாற் புகழ் பெற்ற ஒருவருக்கு வாயசைக்கும் வேலை கொடுத்ததை என்னென்பது! இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. 1958இல் சீனர் வாழ்க்கையைப் பற்றிய தமது நாடகமொன்றில் கரோலைச் சீனப் பெண்ணாக்க றொஜர்ஸ் எண்ணினார். ஒப்பனை பொருந்தாமையால் அது கைவிடப்பட்டது. பின்னர் 'நோ ஸ்றிங்ஸ்' நாடகத்தைத் திரைப்படமாக்கும் உரிமையைப் பெற்றவர்கள், கரோலின் வேடத்தை ஹொங்கொங்கிற் பிறந்த நான்சி குவான் என்னும் நடிகைக்கு அளிக்க முற்பட்டனர். இச்செய்தி கரோலை மிகவும் புண்படுத்திற்று. முடிவில் அப்படம் எடுக்கப்படவேயில்லை.

இத்தனைக்கும் 'நோ ஸ்றிங்ஸ்' 580 காட்சிகள் நடந்த நாடகம். 1962ஆம் ஆண்டின் சிறந்த இசை நாடக நடிகைக்குரிய டோனி விருதை, அன்னா மரியா அல்பெர்கெற்றி என்பவரோடு சமமாகக் கரோல் பெற்றார். கறுப்பினப் பெண்ணொருவர் தலைமை நடிகைக்குரிய அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. அவ்வாண்டிலேயே கலைத்தொழிலில் நிலவிய நிறபேதம் குறித்து அமெரிக்கக் காங்கிரசின் விசாரணையில் அவர் சாட்சியமும் அளித்தார். மேடையில் வாய்திறக்க இடமளிக்கப்படாத செய்தியை வெளியே எடுத்துரைத்தார் எனலாம்.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. அங்கே கறுப்பினப் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைத்த வேடம் வீட்டுப் பணிப்பெண். 1950களில் வந்த 'பியூலா' என்னும் தொடரின் தலைவியும் பணிப்பெண்ணே. கறுப்பின மக்களின் உரிமைத் தலைவருள் ஒருவரான றோய் வில்கின்சின் உரையைக் கேட்டுத் தூண்டப்பெற்ற ஹால் கன்டர் என்னும் எழுத்தாளர் 'யூலியா' என்ற தொடரை ஆக்கினார். கரோல் இவ்வேடத்திற்கு மிகையான நாகரிகம் உடையவர் என்று முதலில் ஐயுற்றவரும் அவரே. 1968 செப்டெம்பர் 17இல் தொடர் ஆரம்பமாயிற்று. யூலியா ஒரு தாதி. கணவன் வியட்நாம் போரில் மாண்டவன். சிறுவனான மகனோடு வாழ்கின்றாள். வேலை தேடித் தொலைபேசியிற் பேசும்போது, தான் கறுப்பினத்தவள் என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுகின்றாள். மருத்துவர் அதற்கு வேடிக்கையாக மறுமொழி கூறுகின்றார். அவையோர் சிரிக்கின்றனர், பெரிய வினா ஒரு நகைப்போடு கடந்து போகின்றது.

மக்கள் விரும்பிப் பார்த்தனர். முதலாண்டிலேயே நாட்டின் நிகழ்ச்சிகளுள் ஏழாவது இடம் அதற்குக் கிடைத்தது. யூலியாவின் உருவில் விளையாட்டுப் பொம்மையும் விற்பனைக்கு வந்தது. ஆனால் காலம் எத்தகையது? அவ்வாண்டு ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார், நகரங்கள் பற்றியெரிந்தன. அந்நிலையில் அழகிய வீட்டில் நல்லாடை உடுத்து அயலவரோடு அளவளாவும் யூலியா எந்த உலகத்தவள் என்று பலர் வினவினர். கறுப்பினக் குடும்பத்தில் தந்தையை ஏன் காட்டவில்லை என்றும் குறைகூறினர். தொடர் உண்மை வாழ்வைக் காட்டவில்லை என்பதைக் கரோலே பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்டார். கண்டனம் நியாயமானதே. ஆயினும் எழுதியவர்களையும் பணம் போட்டவர்களையும் நோக்கிச் சென்றிருக்க வேண்டிய அம்புகள் நடித்தவர் மேற் பாய்ந்தன என்பதே எமது எண்ணம். ஓர் இனத்தின் வாழ்வு முழுவதையும் ஒரு பெண் அரைமணி நேரத்திற் காட்டவேண்டும் என்று வெள்ளை நடிகை எவரிடமும் எவரும் கேட்டதில்லை. மூன்று பருவங்களில் 86 பகுதிகள் முடிந்தபின், இப்பாரம் தாளாது, தம்மை விடுவிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். 1971இல் தொடர் நின்றது.

1974இல் 'குளோடின்' என்னும் படம் வந்தது. அவ்வேடம் முதலில் டயானா சான்ட்ஸ் என்ற நடிகைக்கு உரியது. கொடிய நோயுற்ற அவர் தமது இடத்திற்குக் கரோலைப் பரிந்துரைத்துவிட்டு மறைந்தார். அரசாங்க உதவிப்பணத்தில் ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, அதிகாரிகளுக்குத் தெரியாமற் பிறர் வீட்டில் வேலைசெய்யும் தாய் குளோடின். பணிப்பெண் வேடத்திலிருந்து விலகியதாற் புகழ்பெற்றவர், அதே வேடத்தை ஏற்று ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டார். ஆனால் இப்பணிப்பெண்ணுக்குக் கோபம் இருந்தது, காதல் இருந்தது, வாடகைக் கவலை இருந்தது.

பின்னாளில், 1984 முதல் 1987 வரை, 'டைனஸ்டி' தொடரிற் செல்வச் செருக்குடைய டொமினிக் டெவரோவாக வந்தார். நல்லவளாக இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுபட அவரே விரும்பிக் கேட்ட வேடம் அது. 1995இல் கனடாவின் டொரொன்டோ மேடையில் 'சன்செற் புலவார்ட்' இசை நாடகத்தின் தலைவியாகப் பாடினார். அப்போது அவருக்கு வயது 60.

2019 ஒக்டோபர் 4இல் லொஸ் ஏஞ்சலிசு நகரில், 84ஆவது வயதில், அவர் காலமானார். 'நோ ஸ்றிங்ஸ்' படமாக வராவிடினும், புறோட்வே நடிகர்கள் பாடிய இசைத்தட்டு வெளிவந்து கிராமி விருதும் பெற்றது. அத்தட்டில் ஒலிப்பது இரவற் குரலன்று. கரோலின் சொந்தக் குரலே.