நாட்டுக்காய் எது? எங்கள் பந்தல் சொன்ன சரித்திரம்

போன வாரம் எங்கள் பந்தல் படத்தைப் போட்டதும், "சார், எந்த அவரை நல்லா காய்க்குது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதில் கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

பந்தலில் இந்த வருஷம் மூன்று வகை. ஒன்று, அம்மா காலத்திலிருந்து விதை எடுத்து வரும் பட்டை அவரை. இரண்டாவது, அண்டை வீட்டில் கொடுத்த ஊதா அவரை. மூன்றாவது, கொடைக்கானல் பக்கம் இருக்கும் என் மாணவி அனுப்பிய கொடி பீன்ஸ். பந்தலுக்குக் கீழே, கடையில் வாங்கிய செடி அவரையும் ஒரு பாத்தி.

அவரை இரண்டையும் ஆடியில் ஊன்றினேன். புரட்டாசி வரை இலையும் கொடியும்தான், பூவே இல்லை. ஐப்பசிக்கு மேல்தான் பூ. மார்கழியில் பறித்து முடியவில்லை. செடி அவரை எந்த மாதம் போட்டாலும் இரண்டு மாதத்தில் காய்க்கிறது. நாலு மாதத்தில் ஓய்ந்துவிடுகிறது. கொடி பீன்ஸ் கார்த்திகையில் போட்டது. தை வரை சுமாராகக் காய்த்தது. மாசி வெயில் ஏறியதும் பூவெல்லாம் கொட்டிவிட்டது.

காரணம் இதுதான். நாட்டு அவரைக்குப் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கத் தோன்றும். பகலின் நீளம் பூப்பைத் தீர்மானிக்கிறது என்பதை கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1920-இல் விளக்கி எழுதினார்கள். நம் பக்கம் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்தை அவரைக்கொடி கண்டுகொள்கிறது! நம்மவர்களுக்கும் இது பழைய சங்கதிதான். தினை அறுத்த தாளில் அவரை படர்ந்து பூக்கும் பனிக்காலத்தைக் குறுந்தொகை 82-ஆம் பாட்டிலேயே காணலாம். பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் சேர்வதும் இதனால்தான். இரண்டும் ஒரே இனம், இரண்டுக்கும் அதுதான் பருவம்.

பருவம் பார்க்காமல் காய்க்கும் செடி அவரை ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்து உருவாக்கியது. ஆண்டு முழுவதும் சந்தைக்குக் காய் வர அதுதான் உதவுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி சரித்திரத்துக்கு வருவோம். திதிச் சமையலில் "பீன்ஸ் ஆகாது, அது இங்கிலீஷ் காய், அவரை போடு, அது நாட்டுக்காய்" என்பார்கள். உண்மையில் பீன்ஸ் இங்கிலீஷே இல்லை. மெக்சிகோ பக்கமும் ஆண்டிஸ் மலைப் பக்கமும் பூர்வகுடி மக்கள் தனித்தனியாகப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பழக்கிய பயிர் அது. மக்காச்சோளத் தட்டையில் கொடியை ஏற்றி வளர்த்தார்கள். 1492-இல் கொலம்பஸ் போன பிறகுதான் ஐரோப்பா அதைக் கண்டது. நம் பக்கம் ஐரோப்பியத் தோட்டங்கள் வழியாக வந்ததால் "இங்கிலீஷ்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டார். மலைக்குளிர் அந்தக் காய்களுக்கு ஒத்துப்போனது. எங்கள் வெயிலில் பீன்ஸ் பூ கொட்டுவதன் காரணமும் இப்போது புரிந்திருக்கும்.

சரி, அவரையாவது நம்முடையதா? அதன் காட்டு மூதாதை ஆப்பிரிக்காவில் இருக்கிறது! அங்கிருந்து எப்போதோ கடல் தாண்டி வந்தது. கர்நாடகத்தில் சங்கனகல்லு போன்ற புதிய கற்கால ஊர்களைத் தோண்டியபோது, சுமார் 3500 ஆண்டுகளுக்கு முந்தைய கருகிய அவரை விதைகள் கிடைத்தன. பொங்கலுக்கு நாம் போடும் பரங்கியும் சர்க்கரைவள்ளியும்கூட அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். அவற்றை யாரும் இங்கிலீஷ் காய் என்று சொல்வதில்லை.

அப்படியானால் நாட்டுக்காய் என்பது எது? பிறந்த இடத்தை வைத்துச் சொன்னால் பந்தலில் ஒன்றுகூடத் தேறாது. என் கணக்கு வேறு. எந்தக் காயின் விதையை இந்த மண்ணில் வருஷா வருஷம் எடுத்து வைத்தார்களோ அது நாட்டுக்காய். முதல் பறிப்பில் நல்ல காய் நாலைக் கொடியிலேயே முற்ற விட்டு, உலர்த்தி, வண்டு வராமல் சாம்பலில் புரட்டி, பானையில் போட்டு வைத்தவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்கள் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. 3500 வருஷம் அந்தக் கைகள் வழியாகத்தான் அவரை நம்மிடம் வந்தது.

இதில் ஒரு கவலையும் உண்டு. எங்கள் தெருவில் முன்பு வீட்டுக்கு ஒரு பந்தல் இருந்தது. இப்போது மூன்றுதான். அவரை விதையைச் சில வருஷம் போடாமல் வைத்தால் முளைப்பு குறைந்துகொண்டே போகும். ஒரு குடும்பம் சில ஆடி மாதங்களைத் தவறவிட்டால் போதும், அந்த வீட்டு ரகம் போய்விடும். கடையில் கேட்டால் வேறு ஏதாவது அவரை கிடைக்கும், அது கிடைக்காது.

எனவே, "எது நல்லா காய்க்குது?" என்ற கேள்விக்கு என் பதில்: சீக்கிரம் காய் வேண்டுமானால் செடி அவரை. மலைப்பக்கம் இருப்பவர்கள் கொடி பீன்ஸ் போடுங்கள். இடமும் பொறுமையும் இருப்பவர்கள் உங்கள் பாட்டி வீட்டு அவரையைத் தேடுங்கள். கிடைத்தால் அதன் பெயரையும் நிறத்தையும் கீழே எழுதுங்கள். என்னிடம் பட்டை அவரை விதை இருக்கிறது. ஆடிக்கு முன் கேட்பவர்களுக்குப் பத்துப் பத்து விதை அனுப்புகிறேன். ஒரே நிபந்தனை: அடுத்த வருஷம் நீங்களும் நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும்.