துண்டுச் சீட்டும் வங்குரோத்துச் சட்டமும்: ஊவாத் தோட்டங்களின் கடன் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை அரசு அறிவித்தது. ‘வங்குரோத்து’ என்னுஞ் சொல் அதன் பின்னர் பத்திரிகைகளிலிருந்து இறங்கி வந்து, பண்டாரவளைப் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடைகளிலும் பூனாகலைப் பாதையோரத்து லயங்களிலும் புழங்கலாயிற்று. அந்நாட்களில் எங்கள் லயத்து முதியவர் ஒருவர் என்னிடம் ஒரு வினாத் தொடுத்தார்: “நாடு குடுக்க ஏலாதுன்னு சொல்லிருச்சு. தொங்கல் காம்பறாக்காரி அப்படிச் சொல்ல ஏலுமா, தம்பி?” பல்கலைக்கழகத்தில் வரலாறு பயில்பவன் என்ற முறையில் இதற்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றதன் பயனே இக்கட்டுரை.

கடனிறுக்க வகையற்றவனைச் சட்டம் எவ்வாறு நோக்கிற்று என்பதை முதலில் அறிதல் வேண்டும். இலங்கையில் இதற்கென 1853ஆம் ஆண்டிலேயே 7ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. கடன்பட்டவன் தானே நீதிமன்றுக்கு மனுச் செய்யலாம். தன் உடைமைகளை ஒப்படைக்கலாம். அவற்றை விற்றுக் கடன் கொடுத்தோர் தமக்குள் பங்கிட்டுக்கொள்வர். நீதிமன்று அவனது நடத்தையை ஆராய்ந்து சான்றிதழ் வழங்குமாயின், எஞ்சிய கடன் அவனைத் தொடராது. கடனுக்காகச் சிறையிடும் வழக்கம் நிலவிய காலத்தில் இஃது ஒரு பெரும் விடுதலையாகும். மனிதன் தன் உடைமையை இழக்கலாம், தன்னை இழக்கலாகாது என்பதே அதன் உட்பொருள். வாணிபத்தில் நொடித்தவன் மீண்டும் எழுந்து வாணிபஞ் செய்வது பேரரசுக்கு நன்மை என்ற கணக்கும் அதற்குள் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

இச்சட்டத்தின் நிழலில் ஒதுங்க வேண்டிய காலம் கோப்பித் துரைமாருக்கு விரைவில் வந்தது. அதற்கு வித்திட்டது எமது ஊவாவே. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டங்களில் கோப்பியிலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்கிலி என்னும் பூஞ்சணவியலறிஞர் அதற்கு ‘ஹெமிலியா வாஸ்ரட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். முதலில் எவரும் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 1870இல் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரைத் தாண்டியிருந்தது. உலகச் சந்தையில் விலையும் உயர்ந்தது. விளைச்சல் குறையக் குறைய விலை ஈடுசெய்தமையால், துரைமார் மேலும் கடன்பட்டு மேலும் காடழித்தனர். கொழும்பு வணிக நிறுவனங்களும் வங்கிகளும் வரப்போகும் விளைச்சலை ஈடாகக் கொண்டு முற்பணம் வழங்கின. இன்னும் பறிக்கப்படாத காயின் மேல் எழுப்பப்பட்ட கடன் அது.

1879இல், தோட்டத்துரைமார் சங்கத்தின் தலைவராக விளங்கிய ஜோர்ஜ் வோலின் வணிக நிறுவனம் முறிந்தது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அவ்வங்கியின் தாள்களே நாட்டின் புழக்கத்திற் பெரும்பகுதியாயிருந்தமையால், தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்க உத்தரவாதமளித்துப் பீதியைத் தணித்தார். இரண்டாண்டுகளின் பின் ஊவாவைத் தனி மாகாணமாக்கியவரும் அவரே. நொடித்த தோட்டங்கள் கைமாறின. 1890இல் தோமஸ் லிப்டன் என்னும் மளிகை வணிகர் ஹப்புத்தளைப் பகுதியிலே தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை மலிவாக வாங்கியமையும் இப்பின்னணியிலேயேயாம். முறிந்த துரைமாருட் சிலர் கப்பலேறினர். சிலர் வேறு தோட்டங்களிற் சம்பளத்துக்கு அமர்ந்தனர். அவர்தம் துயரையும் நாம் சிறிதெனக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும், அவர்கள் போகலாம் என்றிருந்தது. இதுவே கருதற்பாலது.

இனி, அதே தோட்டங்களில் அதே காலத்தில் நிலவிய மற்றொரு கடனை நோக்குவோம்.

தொழிலாளியின் கடன் அவன் தோட்டத்தைக் காணுமுன்னரே தொடங்கிவிடுகின்றது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆள் சேர்க்கக் கங்காணி செல்லும்போது தோட்டத்திலிருந்து முற்பணம் பெற்றுச் செல்வான். ஊரில் பட்ட பழைய கடனைத் தீர்க்க, வழிச் செலவுக்கு, கப்பற் கூலிக்கு, வீட்டில் விட்டுவரும் முதியோருக்கு எனக் கொடுத்தவை யாவும் அவரவர் பெயரில் எழுதப்பட்டன. மலைக்கு வந்த பின்னர் கம்பளி, அரிசி, சட்டி பானை என்பனவும் அதிற் சேர்ந்தன. பின்னர் பிள்ளைப்பேறு, சடங்கு, திருமணம், கருமாதி. அரிசியைத் தோட்டமே வழங்கிச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. மழையால் பிரட்டு இல்லையெனில் பேர் இல்லை. குறித்த அளவு பறிக்காவிடில் அரைப் பேர். சம்பளமோ இரண்டு மூன்று மாதங்கள் பிந்தியே கிடைத்தது. கையிற் காசில்லாத அவ்விரண்டு மூன்று மாதங்களும் கடனுக்குரிய மாதங்களாயின. சம்பளத்தைப் பிந்திக் கொடுப்பவன் உண்மையில் தொழிலாளியிடம் கடன்பட்டவனே. ஆனால் அக்கடனுக்கு வட்டியும் இல்லை, அதற்கொரு பெயரும் இல்லை. கோப்பி வீழ்ந்தபோது பல தோட்டங்களில் சம்பளம் அறவே கிடையாது போயிற்று. 1884ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் இக்குறையைக் களைய முயன்றவை.

இத்தொழிலாளி ‘கொடுக்க இயலாது’ எனக் கூறிச் செல்ல முடிந்ததா? 1853ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாக அவனை விலக்கவில்லை என வாதிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் மனு, பிறக்கிராசி, பதுளை நீதிமன்று, அதற்கு ஒரு நாட் பேர் இழப்பு என்பவற்றைக் கடந்து செல்ல வல்லவன் எவன்? மேலும், அவனுக்குரிய சட்டம் வேறாக இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் குற்றவியற் குற்றம். அதற்கு மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். கடனைத் தீர்க்காதவனுக்குத் துரை விடுதலைச் சீட்டு வழங்குவதில்லை. சீட்டின்றிச் சென்றவன் ‘ஓடிப்போனவன்’ ஆவான். ஆக, வணிகனின் கடன் குடியியற் பொருளாகவும், கூலியின் கடன் நடைமுறையிற் குற்றப் பொருளாகவும் ஆயின. இரண்டு சட்டங்களுக்குமிடையே பன்னிரண்டு ஆண்டுகளே உள்ளன. ஒரே சட்டசபை, ஒரே ஆட்சி. இதனைத் தற்செயல் எனக் கொள்ள என் மனம் ஒருப்படவில்லை.

இந்நிலையிற் பிறந்ததே ‘துண்டு’. தமிழ்ச் சொல் அவ்வாறே ஆங்கில ஆவணங்களிற் புகுந்து, பேரரசின் அறிக்கைகளில் நிலைபெற்ற அரிய சான்றுகளில் இஃதொன்று. நம் மொழி அங்கு புகுந்த வாயில் இது என எண்ணுகையில் பெருமை கொள்ளத் தோன்றவில்லை. தோட்டத்தை விட்டு நீங்க விரும்புங் கங்காணிக்குத் துரை ஒரு சிறு தாளில், ‘இன்ன கங்காணியையும் அவனுடைய இத்தனை ஆட்களையும், இத்தனை ரூபா செலுத்தப்படின் விடுவிப்பேன்’ என எழுதிக் கொடுப்பார். கங்காணி அத்தாளை எடுத்துக்கொண்டு பசறையிலிருந்து ஹப்புத்தளைக்கும், ஹப்புத்தளையிலிருந்து வெலிமடைக்குமாகத் துரை துரையாகச் சென்று காட்டுவான். ஆள் தேவைப்படும் துரை அத்தொகையைப் பழைய துரைக்கு அனுப்புவார். அன்றிலிருந்து அக்கூட்டம் முழுவதும் புதிய தோட்டத்துக்குக் கடன்பட்டதாகும். பெயர் தீர்ந்தது, கடன் தீரவில்லை, அது குடிபெயர்ந்தது.

இம்முறையின் உள்ளியக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆட்பற்றாக்குறை மிகுந்த காலங்களில், சிறப்பாக 1900ஐ அடுத்து இறப்பர் நடுகை பெருகிய ஆண்டுகளில், துண்டின் தொகையோடு கங்காணிக்கு மேலும் ஒரு முற்பணங் கொடுத்தே ஆட்களைக் கவர்ந்தனர். அம்முற்பணமும் கணக்கிற் சேர்ந்தது. இவ்வாறு ஒவ்வொரு பெயர்ச்சியிலும் கடன் வளர்ந்தது. தொழிலாளி உண்டதனாலோ உடுத்ததனாலோ வளர்ந்ததன்று அது. அவனுக்கு இருந்த கிராக்கியினால் வளர்ந்தது. பொதுவாக, ஒருவனுடைய உழைப்புக்குக் கிராக்கி ஏறின் அவன் கூலி ஏறும். இங்கோ ஏறியது அவன் கடன். கூலி ஏறாமலே போட்டி நடப்பதற்கு வழி கண்ட அப்பொறியைக் கண்டு, பொருளியல் பயிலும் நண்பர்கள் வியக்கக்கூடும். அத்துடன், கூட்டத்தில் ஒருவன் இறந்தாலோ ஓடினாலோ அவன் பங்கு மறைவதில்லை. எஞ்சியோர் தலையில் அது விழும்.

கங்காணியை இவ்வரலாற்றின் ஒரே கொடியவனாகக் காட்டுதல் எம்மிடையே வழக்காயிற்று. மேடைகளில் அது நன்கு எடுபடும். அவன் பிரட்டுக்கு வந்த ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இத்தனை சதம் எனக் ‘காசு’ பெற்றான்; கணக்கெழுதத் தெரியாதோரின் கணக்கை அவனே எழுதினான்; இவை மெய். ஆனால் அவனும் துரையிடங் கடன்பட்டிருந்தான். பல வேளைகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியாரிடமும் கைமாற்று வாங்கியிருந்தான். செட்டியார்களோ கொழும்பிலுள்ள ஆங்கில வங்கிகளிடம் கடன் பெற்று வட்டிக்கு விட்டவர்கள். 1925இல் கொழும்பில் சில செட்டியார் நிறுவனங்கள் முறிந்தபோது வங்கிகள் அவர்களுக்குரிய கடன்வசதியைச் சுருக்கிக்கொண்டன. அதனால் எழுந்த இடர்ப்பாடுகளே 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழுவுக்கும், 1939இல் இலங்கை வங்கியின் தோற்றத்துக்கும் வழிகோலின. லண்டனிலிருந்து லயம் வரை நீண்டதொரு சங்கிலியில் இறுதி வளையத்துக்கு மட்டும் கழற்றும் வழி இருக்கவில்லை.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1919இல் தொழிலாளர் நலனுக்கான சங்கமொன்றை நிறுவிய சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் உழைப்பும், தன் மக்கள் குடியகல்வது பற்றி இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் இதற்குத் துணையாயின. 1923இல் இந்தியத் தொழிலாளர் சட்டமும், 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தன. 1924இல் பண்டாரவளையைக் கடந்து இரயில் பதுளையை அடைந்தது, அவ்வாண்டிலேயே கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். காலம் மாறிற்று. எனினும் கங்காணியின் கணக்குப் புத்தகம் ஒரே நாளில் எரிந்துவிடவில்லை.

இங்கு வீடு பற்றிச் சிறிது கூறுதல் இன்றியமையாதது. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தால் கடன் இணக்கச் சபை அமைக்கப்பட்டது. நிலத்தையோ வீட்டையோ ஈடுவைத்து மீட்க வழியற்றவர் அச்சபையை நாடித் தவணை பெறலாம். கடன் கொடுத்தோனுடன் இணக்கங் காணலாம். அசையா உடைமையை ஈடுவைத்தவருக்கே அது உரியது. கிராமத்துச் சிங்களக் குடியானவருக்கும் யாழ்ப்பாணத்துக் காணிக்காரருக்கும் அது பயன்பட்டிருக்கும். லயத்தில் வாழ்பவன் எதை ஈடுவைத்திருப்பான்? அவன் பாட்டன் பிறந்த காம்பறாவே ஆயினும் அது தோட்டத்துக்குரியது. ‘பத்துச்சீட்டு’க் கிடைத்து வேலை போயின், வீடும் உடன் போயிற்று. கடனால் வீட்டை இழத்தல் பிறருக்கு நேருந் துயரம். இவனுக்கு இழக்க வீடில்லாமையே துயரத்தின் தொடக்கம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, புதையுண்ட வீடுகளில் ஒன்றேனும் அங்கு வாழ்ந்தவர் பெயரில் இருந்ததில்லை.

அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் சிலருக்குக் கிடைத்துள்ளன. இது பெருமாற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் சுவருக்குப் பூச்சு, மதில், மலசலகூடம், பிள்ளையின் கொழும்புப் பயணம் என்பவற்றுக்குக் காசு வேண்டும். வங்கி கேட்கும் உறுதியோ சம்பளச் சான்றோ இல்லாதபோது குழுக்கடனே கைகொடுக்கின்றது. ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்க, வாரந்தோறும் அறவிடப்படும் நுண்கடன் அது. ஒருத்தி கட்டத் தவறின் ஏனையோர் கட்டுதல் வேண்டும். இவற்றை ஒழுங்குபடுத்த 2016இல் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, இக்கடன்களின் வட்டியையும் அறவீட்டு முறைகளையும் கண்டித்தார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தையும் அரசு அறிவித்தது.

துண்டும் குழுக்கடனும் ஒன்றே என நான் கூறவரவில்லை. இன்று ஓடிப்போனவளைச் சிறையிடுஞ் சட்டம் இல்லை. கடன் பெற்றவள் தானே கையொப்பமிடுகின்றாள். அவள் பெற்ற பணம் சில வேளைகளில் ஒரு தையல் இயந்திரமாகவும் நிற்கின்றது. ஆயினும், ஒருத்தியின் கடனுக்கு மற்றவளைப் பிணையாக்கி, அயலாரின் கண்ணையே காவலாக வைக்கும் உத்தி இரண்டுக்கும் பொதுவானது. ‘கொடுக்க இயலாது’ எனக் கூறும் உரிமையை அது மிக நுட்பமாகப் பறிக்கின்றது. அவள் அதைக் கூறவேண்டியது வங்கியிடமோ நீதிமன்றிடமோ அன்று. அடுத்த காம்பறாவில் தேயிலைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அமர்ந்திருக்கும் தன் அக்காளிடம்.

முதியவரின் வினாவுக்கு விடையாக, 1853ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி விடுமுறையில் அவரிடம் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார். பின்னர், துண்டுச் சீட்டு ஒன்றை அவர் கண்டதுண்டா என வினவினேன். தம் பாட்டனார் அதைப் பற்றிப் பேசக் கேட்டதுண்டு, கண்டதில்லை என்றார். தொங்கல் காம்பறாவில் மாரியம்மன் படத்தின் பின்னால் செருகப்பட்டிருந்த ஒரு சிறு புத்தகத்தைக் காட்டினார். வாரத்துக்கு ஒரு கட்டமாக அச்சிடப்பட்ட பக்கங்கள்; ஏப்ரல் வரை கையொப்பம் இருந்தது; அதன் பின்னுள்ள கட்டங்கள் வெறுமையாயிருந்தன. அந்தக் காம்பறாக்காரி கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாளாம். மீதித் தவணையை மற்ற நால்வரும் பங்கிட்டுக் கட்டுகிறார்கள்.